சூடு இறங்கும் வரை

நீங்களே சொல்லுங்கள் சார். ஓர் ஈரத்துண்டைக் காயப்போடுவது குற்றமா?

அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். பஸ் டவுன் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கிறது. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள், மேலே போடுங்கள். இதுவா? இது இருக்கட்டும். இது டிபன் டப்பா. இது என் மடியிலேயே இருக்கட்டும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என் பெயர் அடைக்கலம். கொள்ளிடத்துக் கரையில் நாணல்திட்டு என்று ஓர் இடம், நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்படுகிற மாதிரி அங்கே ஒன்றுமில்லை. ஆற்றுக்குள் ஒரு கிணறு, கரைமேல் ஒரு பம்ப் ஹவுஸ், அதற்குள் மூன்று மோட்டார், நான். டவுனில் நீங்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அது என் கையைத் தாண்டித்தான் வருகிறது. எந்தத் திட்டம், எந்த காண்டிராக்ட் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள். இருக்கிற வேலைக்கு நானே வேட்டு வைத்துக்கொள்ள ஆசையில்லை.

தனியாகவா என்கிறீர்களா? தனியாகத்தான். காலையில் நான் போகும்போது ராத்திரி ஷிஃப்ட்காரன் ஜோசப் சைக்கிளில் ஏறிவிடுவான். "என்னண்ணே", "போறேண்ணே", இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவன் செலவழிக்க மாட்டான். அப்புறம் மோட்டார் சத்தம்தான். உள்ளே அந்தச் சத்தத்தில் நாம் பேசினால் நமக்கே கேட்காது. வீட்டுக்குப் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. என் சம்சாரம் ஆரோக்கியமேரி திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனாள். பேரன் இப்போது காலேஜ் போகிறான். இருந்தாலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது போலிருக்கிறது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது சார். நான் தனிமைக்குப் பழகின ஆள். சும்மா யாரையும் போனில் பிடித்து வைத்துக்கொண்டு அறுக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், துண்டு.

துண்டுக்கு முன்னால் அந்த சென்சாரைச் சொல்ல வேண்டும். நான் ஐ.டி.ஐ. எல்லாம் படிக்கவில்லை. மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுகிற, அதாவது காயில் கட்டுகிற கடையில் தரையைப் பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். எங்கள் வேலையில் மோட்டாரின் சூட்டைக் கையால் பார்ப்போம். புறங்கையை முதலில் வைக்க வேண்டும், அப்புறம் உள்ளங்கை. உள்ளங்கை தாங்கினால் மோட்டார் நல்லாயிருக்கிறது. தாங்காமல் வெடுக்கென்று எடுத்தால் ஏதோ கோளாறு. குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான். அப்படித்தான் பல வருஷம் ஓட்டினேன்.

போன கோடையில் இரண்டாம் நம்பர் மோட்டார் எரிந்துபோயிற்று. நான் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், காயில்மேல் பூசிய வார்னிஷ் கருகுகிற வாடை வருகிறது. அந்த வாடை மூக்கில் ஏறினால் ஒரு வாரம் சோறு இறங்காது சார். கை வைத்தபோது நல்லாத்தான் இருந்தது. சத்தியமாக நல்லாத்தான் இருந்தது. டவுனில் தண்ணீரில்லாமல் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் என்ஜினியர் பிரேம்நாத் சார் வந்து, "என்னய்யா அடைக்கலம், நீ தொட்டுப் பாத்தது மோட்டாரோட சட்டைய. உள்ள காயில் என்ன பாடுபடுதுன்னு உன் கைக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அப்புறம் காயில் புதிதாகக் கட்டி வந்தபோது, செம்புக் கம்பிகளுக்கு நடுவிலேயே அந்த சென்சாரை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஊதுபத்திக் குச்சி தடிமன்கூட இராது. அது உள்ளே இருந்துகொண்டு காயில் சூட்டை டிகிரியில் சொல்லும். நூற்றிருபதைத் தாண்டினால் மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும். நூற்று நாற்பதைத் தொட்டால் மோட்டாரே தானாக நின்றுவிடும். டிரிப் என்போம்.

நல்ல ஏற்பாடுதான். நான் குறை சொல்லவில்லை. சுவரில் எண் காட்டுகிற ஒரு பெட்டி மாட்டினார்கள். அதற்கு ஒரு சிம் கார்டு. அந்த சூட்டுக் கணக்கை அது ஓயாமல் டவுனில் இருக்கிற கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆக நாணல்திட்டில் இரண்டு சிம் ஆயிற்று. ஒன்று அந்தப் பெட்டியிடம், ஒன்று என்னிடம். அந்தப் பெட்டி பேசாத நேரம் கிடையாது.

சார், அந்தக் கம்பியை விட்டுக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். வளைவில் இந்த டிரைவர் ஒரு ஒடி ஒடிப்பார்.

பிற்பகலில் நான் ஆற்றில் ஒரு முழுக்குப் போடுவேன். பம்ப் ஹவுஸ் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு மனுஷன் எப்படி முழுநாளும் இருப்பான்? குளித்தால் துண்டு ஈரமாகும். ஈரமானால் காயப்போட வேண்டும். வெளியே போட்டால் குரங்கு தூக்கிக்கொண்டு போகும். சிரிக்காதீர்கள், நாணல்திட்டுக் குரங்குகளிடம் என் துண்டு இரண்டு இருக்கிறது. எங்களை மாதிரி பம்ப் ஆப்பரேட்டர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், துண்டை எங்கே காயப்போடுகிறாய் என்று. மோட்டாரில் என்பான். மோட்டாரின் பின்பக்கம் விசிறி இருக்கும். ஓட்டை ஓட்டையாக ஒரு மூடி போட்டிருக்கும், காற்று அது வழியாகத்தான் உள்ளே போகும். ஈரத்துண்டை அந்த மூடியில் வைத்தால் போதும், கிளிப் வேண்டாம், கயிறு வேண்டாம். விசிறி இழுக்கிற இழுப்பில் துண்டு அப்படியே ஒட்டிக்கொள்ளும். அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஜோசப்பும் அப்படித்தான் செய்வான். பகலில் இரண்டாம் நம்பர்தான் ஓடும், ராத்திரி மற்ற இரண்டும். அவன் அதில் சட்டையே காயப்போடுவான்.

ஆடி மாசம். துண்டைப் போட்டுவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. என்னவென்று எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது.

"நாணல்திட்டுங்களா? கண்ட்ரோல் ரூம்லேருந்து பேசுறேன். ரெண்டாம் நம்பர் மோட்டார் காயில் சூடு நூத்தி இருபத்தி ரெண்டு காட்டுது. என்னன்னு பாருங்கண்ணே."

ஒரு பெண் குரல் சார். தெளிவாக, தண்ணீர் மாதிரி. நான் எழுந்துபோய் துண்டை எடுத்துவிட்டு வந்தேன்.

"தொட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கும்மா."

"தொட்டா வெளியதான்ணே தெரியும். உள்ளதான சூடு. ஃபேன் பக்கம் ஏதாச்சும் அடைச்சிருக்கா, பாத்தீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா."

பொய்யில்லை சார். அடைப்பு என்றால் என்ன? இலை, தழை, செத்த எலி, அது அடைப்பு. துண்டு என் துண்டு. அது எப்படி அடைப்பாகும்? அதுவும் நான்தான் எடுத்துவிட்டேனே!

நான் போனை வைக்கப் போனேன். "வெச்சுராதீங்கண்ணே," என்றாள். "சூடு நூத்துக்குக் கீழ எறங்குற வரைக்கும் லைன வெக்கக் கூடாது. எங்க ஆபீஸ்ல சொல்லிருக்காங்க."

பாருங்கள் சார். அந்த மாதிரி ஒரு சட்டம் போட்டவன் யாரோ, அவன் நல்லாயிருக்கட்டும். காயில் சூடு ஏறுகிற வேகத்தில் இறங்காது. மெள்ள மெள்ளத்தான் இறங்கும். அதுவரை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அங்கே அவள் மூச்சு விடுவது கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அங்க மழை உண்டாண்ணே?" என்றாள்.

"தூறல்" என்றேன்.

"நூத்திப் பதினேழு," என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பெயர் சுகந்தி. அவள் அந்த ரூமில் உட்கார்ந்து ஊர் ஊராக இருக்கிற எங்கள் மாதிரி பம்ப் ஹவுஸ் எல்லாவற்றையும் திரையில் பார்க்கிறவள். ஒற்றை ஆள்தான் அங்கேயும். மாற்றிவிட ஆள் வராது. அம்மா படுத்த படுக்கை. புருஷனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நமக்கெதற்கு? பேச்சுக்கு நடுவே நடுவே "நூத்திப் பத்து", "நூத்தி ஆறு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். எனக்கு அது மட்டும்தான் பிடிக்காது. நல்லாப் பேசிக்கொண்டிருக்கும்போது ஏன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்?

மறுநாளும் குளித்தேன். தினம் குளிக்கிறவன்தானே சார் நான்? மறுநாளும் போன் வந்தது.

"என்னண்ணே, மறுபடியும் ரெண்டாம் நம்பரா?"

"அதாம்மா, என்னன்னே தெரியலையே."

"சாப்டீங்களாண்ணே?"

சார், அந்தக் கேள்வியை என்னிடம் கடைசியாக யார் கேட்டார்கள் என்று நான் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. விடுங்கள். "ஆச்சும்மா, நீ?" என்றேன். "எங்கண்ணே, டப்பாவத் தொறந்தேன், உங்க அலாரம் வந்துருச்சு" என்று சிரித்தாள்.

தினம் அவள் சாப்பாடு அந்த நேரத்துக்குத்தான். "இன்னும் சாப்புடலண்ணே", "டப்பா அப்பிடியே இருக்குண்ணே" என்று தினம் சொல்வாள். என்னோடு பேசுவதற்காக ஒரு பெண் தன் சோற்றைக்கூடத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அது எப்பேர்ப்பட்ட மனசு? கூடப்பிறந்தவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாசமும் நல்ல மாசம். நான் கேள்விகளையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வேன். காலையில் ஷிஃப்டுக்கு நடந்து போகும்போதே, இன்றைக்கு ஆற்றில் நாரை வந்ததைச் சொல்ல வேண்டும், ஜோசப் மாமனாரோடு சண்டை போட்டதைச் சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போவேன். சவரம் செய்துகொண்டேன் சார், தினமும். போனில் முகம் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் காற்றே குளிர்ச்சி, மோட்டார் அவ்வளவாகச் சூடாகாது. மெல்லிசுத் துண்டு போட்டால் நூற்றுப்பத்தில் நின்றுவிடுகிறது. நானும் பார்த்தேன். அதனால் என்று இல்லை, எனக்கு சளித்தொல்லை, தலை துவட்டக் கெட்டித் துண்டு தேவைப்பட்டது. அதனால் பூத்துவாலை வாங்கினேன். அது நன்றாக ஈரம் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் போர்வையைத் துவைத்தேன். போர்வையை வேறெங்கே காயப்போடுவது? நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். போன் வந்த பிறகு போர்வையை முழுசாக எடுத்துவிட மாட்டேன். ஒரு முனையை மட்டும் தூக்கிவிடுவேன். சட்டென்று எடுத்தால் சட்டென்று குளிர்ந்துவிடும், அது மோட்டாருக்கு நல்லதில்லை. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? அந்த மாதிரி. இது நானாக யோசித்தது, எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

பிரேம்நாத் சார் இரண்டு தடவை வந்தார். காலையில் வந்தார். கரண்ட் அளந்தார், கிரீஸ் பார்த்தார், லோடு பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. "பத்து டிகிரி கூடுதலா ஓடினா காயிலோட ஆயுசு பாதியாயிரும்யா. இது தினம் இப்பிடிக் கொதிச்சா எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன். தினசரி ஒரே நேரத்தில் மட்டும் சூடாகிற மோட்டாரை அவர் படித்த படிப்பில் பார்த்ததில்லை. நானும் அவர் கூடவே நின்று, "ஆமா சார், ஆமா சார்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? பாதி ஆயுசு என்றால் பாதி ஆயுசு. மோட்டாருக்கு மட்டும்தானா அந்தக் கணக்கு?

டிக்கெட்டா? எடுத்தாயிற்று. இந்தக் கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர்தான். வாரத்துக்கு ஒரு நாள் எனக்கு லீவு. லீவன்று இந்த பஸ்ஸில்தான் வருவேன்.

எங்கே விட்டேன்? கார்த்திகை. அன்றைக்கு அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுகிற குரல். நான் என்ன செய்வேன், அழுகிற பெண்ணிடம் "கொஞ்சம் இரும்மா, போர்வையை எடுத்துவிட்டு வருகிறேன்" என்றா சொல்வேன்? கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். அவளும் எண்ணுவதை மறந்துவிட்டாள். சார், அந்தப் பேச்சு என் வாழ்க்கையிலேயே நல்ல பேச்சு. ஒரு ஆள் தன் மனசில் இருக்கிறதை என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. "கஷ்டந்தாம்மா, கஷ்டந்தாம்மா" என்கிறேன் நான்.

டப்பென்று மோட்டார் நின்றது. நூற்று நாற்பது. டிரிப்.

நின்றதும் வந்த அமைதி இருக்கிறதே, அது காதை அடைத்தது. அந்த அமைதியில் அவள் குரல் மட்டும், "ஐயோ அண்ணே! ஐயோ! வைங்க, வைங்க, எங்க ஆபீஸ் சார் லைன்ல வர்றாரு!"

அன்றைக்கு டவுனில் மேல்நிலைத் தொட்டி ஒன்று நிறையவில்லையாம். ஏதோ நாலு தெருவுக்குத் தண்ணீர் போகவில்லையாம். ஆஸ்பத்திரி இருக்கிற தெருவும் அதில் ஒன்று என்றார்கள். பெரிய விஷயமாக்கிவிட்டார்கள். என் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, சென்சார் காப்பாற்றிவிட்டது. அதற்காகத்தானே வைத்தது?

மறுநாள் போன் வந்தபோது குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, சார் எம்மேலதான் பாயுறாரு. அலாரம் வந்து அவ்ளோ நேரம் என்ன பண்ணுனே, லைன்ல அரட்டையான்னு கேக்குறாரு. எல்லாப் போனும் பதிவாகுதாம்ணே. என் ஷிஃப்ட்ல மட்டும் ஏன் வருதுன்னு கேக்குறாரு. இன்னொரு தடவ டிரிப் ஆச்சுன்னா என்னைய நிப்பாட்டிருவாங்கண்ணே. நெசமாச் சொல்லுங்க, அங்க என்னதான் நடக்குது?"

அவளை நிறுத்திவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார்த்துவார்கள். ஜோசப் மாதிரி ஒரு ஆள் வந்து "நாணல்திட்டு, சூடு, பாரு" என்று வைத்துவிட்டால்?

"மோட்டாருக்கு வயசாயிருச்சும்மா," என்றேன். "வேறொண்ணுமில்ல. நீ தைரியமா இரு. உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

அவள் "நூறு," என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு என்னவோ சீக்கிரம் இறங்கிவிட்டது.

நான் அன்றைக்கே போர்வையை விட்டுவிட்டேன் சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து துவாலை மட்டும்தான். அவளுக்காக அந்த அளவு நான் விட்டுக்கொடுத்தேன்.

நாலைந்து நாள் கழித்து, பிற்பகல், குளித்துவிட்டு வந்து துவாலையைப் போட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, போன் வரவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று பார்க்கிறேன். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். நனைந்த குடை, தோளில் பை, கையில் டப்பா. தலையில் பாதி நரை. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆற்றங்கரை ஊர்க்காரி, மழைக்கு ஒதுங்கினாள் என்று நினைத்தேன்.

"இங்க நிக்கக் கூடாதும்மா, கரண்டு இருக்கு," என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள். நேராகப் போனாள். மூடியில் ஒட்டியிருந்த துவாலையைப் பிடித்து இழுத்தாள். அது பிடித்துக்கொண்டு வரமாட்டேனென்றது. இரண்டு கையாலும் இழுத்தாள். வந்தது. அதை உதறி நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள். அப்புறம் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே சத்தம் என்பதால் நானும் வெளியே வந்தேன்.

"அண்ணே," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது சார். நான் நினைத்து வைத்திருந்த முகம் அது இல்லை. ஆனால் குரல் அதேதான். "சுகந்தியாம்மா? இவ்ளோ தூரம் மழையில ஏம்மா? டீ போடட்டுமா? சாப்டியா?" என்று ஏதேதோ கேட்டேன்.

அவள் வாசல் வழியாக உள்ளே பெட்டியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணாக இறங்கிக்கொண்டிருந்தது. நூறு வந்ததும் எழுந்தாள். லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவள், அவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்குச் சேர்த்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"என் நம்பர் உங்ககிட்டதான்ணே இருந்துச்சு. ஒரு போன் போட்டிருந்தா நானே பேசிருப்பேனே."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

இது என்ன பேச்சு சார்? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள். காரணமில்லாமல் ஒரு ஆளை எப்படிக் கூப்பிடுவது? எடுத்தால் என்ன சொல்வது? "சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்றா? அவள் "சொல்லுங்கண்ணே" என்பாள். நான் என்ன சொல்வேன்? அப்புறம் "சரிண்ணே, வேற ஒண்ணுமில்லையே" என்பாள். அந்த "வேற ஒண்ணுமில்லையே" இருக்கிறதே, திருப்பூருக்குப் போன் போட்டு அதை நான் நிறையக் கேட்டாயிற்று.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது பெரிய மனசு, நான் இல்லையென்று சொல்லவில்லை. காற்றுப் போகிற வழியில் குப்பை அடைத்திருந்தது, நானே போய் எடுத்துவிட்டேன் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறாள். பிரேம்நாத் சார் வந்து மோட்டாரைச் சுற்றி ஒரு கம்பிவலைக் கூண்டு அடித்துவிட்டார். பூட்டு போட்ட கூண்டு. சாவி அவரிடம். இப்போது ஒரு கைக்குட்டைகூடப் போட முடியாது. இரண்டாம் நம்பர் மோட்டார் தொண்ணூறிலேயே நிற்கிறது, ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை. சுகந்தியின் வேலையும் தப்பியது. யாரால் தப்பியது? நான் துவாலையோடு நிறுத்தியதால்தானே இன்னொரு டிரிப் ஆகவில்லை? அதற்கு ஒரு வார்த்தை உண்டா? கார்த்திகைக்கு அப்புறம் ஒரு போன் கிடையாது சார். ஒன்றே ஒன்று கிடையாது. மோட்டார் நல்லாயிருந்தால் மனுஷனும் நல்லாயிருப்பான் என்று நினைத்துவிடுவதா?

டப்பா. ஆமாம், சொல்கிறேன் என்றேனே. இது அவளுடையது. அன்றைக்குப் படியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். பாருங்கள், மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது, "க. சுகந்தி". உள்ளே எலுமிச்சை சாதமும் அப்பளமும் இருந்தது. கெட்டுப்போகுமே என்று நான்தான் சாப்பிட்டேன். நல்ல கைப்பக்குவம். கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை புளி போட்டுத் தேய்ப்பேன். டப்பா இல்லாமல் சோறு எதில் கொண்டுபோகிறாளோ? இதைக் கேட்டாவது கூப்பிடுவாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அட, அதோ பச்சைக் கட்டடம் தெரிகிறது பாருங்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அதுதான். மாடியில் விளக்கு எரிகிற ரூம். மணி நாலாகப் போகிறதல்லவா, இப்போது அவள்தான் இருப்பாள்.

கேட்டீர்களா, கண்டக்டர் என்ன கத்துகிறார் என்று? "அடைக்கலம் அண்ணே, தொட்டி ஸ்டாப் வருது. இன்னிக்காச்சும் எறங்குவீங்களா, இல்ல இந்த வாரமும் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு ரிட்டனா?" அவருக்கு எப்போதும் கிண்டல்தான்.

நீங்கள் இங்கேதான் இறங்குகிறீர்களா? முன்னாலேயே சொல்லக்கூடாதா? பையை மறந்துவிடாதீர்கள், மேலே இருக்கிறது. சார், ஓர் உதவி. நீங்கள் அந்த வழியாகத்தான் போவீர்கள். இந்த டப்பாவை மாடியில் கொடுத்துவிடுகிறீர்களா? நாணல்திட்டு அடைக்கலம் கொடுத்தார் என்று சொன்னால் போதும். இந்தாருங்கள். ஜாக்கிரதை, மேல்தட்டு கொஞ்சம் லூசு.

இல்லை. கொடுங்கள் சார். கொடுங்கள் இங்கே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் எதற்காகக் கூப்பிடுவாள்?

இறங்குங்கள், இறங்குங்கள், விசில் அடித்துவிட்டார். துண்டு விஷயத்துக்கு நீங்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை. பரவாயில்லை. சார்! ஜன்னல் பக்கம் வாருங்கள், ஒரே நிமிஷம். மாடிக்குப் போக முடிந்தால் போய்ச் சொல்லுங்கள், டப்பா பத்திரமாக இருக்கிறது என்று. பகலெல்லாம் என் போன் என் கையிலேயேதான் இருக்கும் என்று சொல்லுங்கள்.